தூக்கத்துக்கு ஒரு ஷரத்து

பேனாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தொழிற்சாலை மேலாளர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

அவள் அதைத் தொடவில்லை. ஒப்பந்தத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

சங்ககிரியில் ஏற்றும் சரக்கு புனேவுக்கு எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்யும். தாமதமானால் வாடகையில் பிடித்தம். வழியில் விபத்து நடந்தாலோ ஓட்டுநர் இறந்தாலோ முழுப் பொறுப்பும் லாரி உரிமையாளருடையது.

நான்கு லாரிகளுக்கு உரிமையாளர் அவள்.

போன மாதம் ஓட்டுநர் மாதையனோடு அவளும் வண்டியில் ஏறிப் புனேவரை போயிருந்தாள். விடிகிற நேரத்தில் அவர் கண்ணுக்குக் கீழே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓட்டினார். ஓரங்கட்டச் சொன்னாள்.

"நேரத்துக்குப் போவோணுமுங்க."

சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்தது. அவள்தான் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இப்போது பேனாவை எடுத்தாள்.

கையெழுத்துப் போடவில்லை. ஓரத்து வெள்ளையில் நிதானமாக எழுதினாள்.

'ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் வண்டி நிற்கும். அந்தத் தாமதத்துக்குப் பிடித்தம் கிடையாது.'

மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"தூக்கத்தையெல்லாம் அக்ரிமென்ட்ல போட முடியாது மேடம்."

"சாவைப் போட்டிருக்கீங்களே."

சிரிப்பு நின்றது.

"மத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வண்டியை வெளிய எடுக்கச் சொல்லுங்க."

அவளுக்கு வேறு சரக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும்.

எழுந்தாள்.

வாசலில், சுமை ஏற்றும் வரிசையில் முதலாவதாக அவளுடைய லாரி நின்றது. முந்தைய நடையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த மாதையன் உள்ளே இருக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் வருவதற்குள் காவலாளிக்குத் தொலைபேசி வந்துவிட்டது. லாரிக் கதவைத் தட்ட அவர் தடியை ஓங்கினார்.

அவள் குறுக்கே போய் நின்றாள்.

"எந்திரிச்சதும் எடுப்பாரு."

"உடனே எடுக்கச் சொல்லி உத்தரவும்மா."

அவள் கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம். அத்தனை சத்தத்திலும் மாதையன் அசையவில்லை.

அடுத்த வண்டி ஓட்டுநர் இறங்கிக் கோபமாக வந்தார்.

"ஏனுங்கக்கா, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. தூங்கறாரு."

அவர் படியில் ஏறிக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இறங்கித் தன் வண்டிக்குப் போனார்.

மீண்டும் ஹாரன் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

அவருடைய வண்டியின் இன்ஜின் அணைந்தது.

சற்றுப் பொறுத்து, அதற்குப் பின்னால் நின்ற வண்டியின் இன்ஜினும்.