மூன்று முறை கேட்பார்கள்

“அப்புறம் எதுக்கு வந்தீங்க? மூணு தடவ கேப்பாங்க. எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க மட்டும் வாயக் கட்டிக்கிட்டு நிக்கணும். அத ஊர் பாக்கணும். அதுக்குத்தானே சித்தப்பா?”

சுக்ரான் கத்தவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

தஹ்ஸின் அவளைப் பார்க்காமல் சவப்பெட்டியைப் பார்த்தார். பள்ளிவாசல் முற்றத்துக் கல்மேடையில், பச்சைத் துணிக்கு அடியில், அவளுடைய அப்பா நெவ்ஸாத். வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. மாலைக்குள் துருக்கிக்கு, சொந்த ஊரான யோஸ்காத் மண்ணுக்குக் கிளம்ப வேண்டிய உடல்.

“உங்கப்பனுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்றார்.

அவள் பையிலிருந்து கைக்குட்டையில் இறுக முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அப்பா போன வாரம் கொடுத்தாராம். பிரிக்காமல் அவர் கையில் சேர்க்க வேண்டும் என்றாராம்.

தஹ்ஸின் துணியோடு ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிரிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையை வெளியே எடுக்கவில்லை.

அதையும் ஓர் அவமானமாக எண்ணி, சுக்ரான் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தருகே நின்ற பெண்களிடம் போய்விட்டாள்.

நெவ்ஸாதுக்கும் தஹ்ஸினுக்கும் என்ன பகை என்பது அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு, பழைய சலவைக்கூடம் ஒன்றில் நடந்துவந்த பள்ளிவாசல், ஒரு பனிக்கால வைகறைத் தொழுகைக்குப் பின் எரிந்துபோனது. அதற்குள்தான் தஹ்ஸினின் மிம்பர் இருந்தது. வெள்ளிக்கிழமை இமாம் ஏறி நின்று பேசுவதற்காக, வால்நட் மரத்தில், எஃகு ஆலை வேலை முடிந்த மாலைகளில் மூன்று வருஷம் செதுக்கியது. கடைசிக் கைப்பிடியை ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

ஜெர்மனியில் துருக்கியர் வீடுகளுக்கு ஆட்கள் தீ வைத்துக்கொண்டிருந்த காலம் அது. செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நண்பகலுக்குள் அறுபது இளைஞர்கள் இரும்புத் தடிகளோடு தெருவில் நின்றார்கள். எதிரே பீர்க்கடை. உள்ளே ஏழெட்டு ஜெர்மன் கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரையும்விட உரக்கக் கத்தியது தஹ்ஸின்தான்.

அப்போது ஜமாஅத் தலைவராக இருந்த நெவ்ஸாத், ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நடுத்தெருவில் போட்டு அதன்மேல் ஏறினார். தொழுகை முடிந்து கிளம்பும்போது ஹீட்டரை அணைக்க மறந்தது தான்தான் என்றார்.

தடிகள் இறங்கின. ஒரு கிழவருக்கும் அடி விழவில்லை. நெவ்ஸாதையும் ஒருவரும் மன்னிக்கவில்லை.

முதலில் தஹ்ஸின் போய் அவர் ஷூவின்மேல் துப்பினார்.

தலைவர் பதவி அந்த வாரமே போனது. புதிதாகக் கட்டிய இந்தப் பள்ளிவாசலில் நெவ்ஸாத் கடைசி வரிசையில், செருப்பு அடுக்கு ஓரமாகத்தான் நின்று தொழுதார். அவர் நுழைந்தால் யாராவது ஹீட்டரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தஹ்ஸின் இந்த வாசலை மிதிக்கவே இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மொராக்கோக்காரர்களின் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது.

ஜனாஸா தொழுகை முடிந்தது. துருக்கியிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் இமாம் வரிசைகளைப் பார்த்துத் திரும்பினார். இறந்தவர்மேல் யாருக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் அதை இங்கேயே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அது பெட்டியோடு போகும்.

“இவர் மேல உங்களுக்கு இருக்கிற உரிமைய ஹலாலாக்கித் தர்றீங்களா?”

ஹலாலாக்கினோம் என்றது கூட்டம். தஹ்ஸினின் உதடு அசையவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் அப்படியே.

பின்வரிசையிலிருந்து கசாப்புக்கடை ஜெவ்தெத் எல்லோருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தார்: “மிச்சமிருந்த மரத்துல நெஞ்சையும் செஞ்சுக்கிட்டான் போல.”

மூன்றாம் முறை.

முற்றம் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லி அடங்கியது. வண்டி ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தஹ்ஸின் வரிசையை விட்டு முன்னால் நடந்தார். ரகளைதான் என்று நினைத்து ஒருவர் அவர் கையைப் பிடித்தார். அவர் உதறிவிட்டு, பெட்டிக்கு அருகில் போய் நின்று, கைக்குட்டை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

கரியேறிய சின்னச் செம்புக் கிண்ணம். அடியில் கல்லாக உறைந்த மரப்பசை.

அன்று வைகறைத் தொழுகை முடிந்து எல்லோரும் போனபின், கைப்பிடியை ஒட்டுவதற்காக மின்னடுப்பில் வைத்த கிண்ணம். பசை இளகுவதற்குள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போன அரைமணி நேரம். புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடியில் எங்கோ புதைந்துபோயிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தார். போலீஸ் வருமுன் ஒரே ஒருவர் சாம்பலைக் கிளறியிருக்கிறார்.

நாற்காலியில் நின்று பேசியபோது நெவ்ஸாத் அறுபது பேரில் ஒருவனை மட்டும்தான் பார்த்தார். அந்தப் பார்வையின் மேல்தான் தஹ்ஸின் துப்பினார்.

கிண்ணத்தைப் பச்சைத் துணியின்மேல் வைத்தார். வரிசைகள் கேட்க, பெண்கள் கேட்க, பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“நெவ்ஸாத் அண்ணே, அடுப்ப அணைக்காமப் போனது நான். நீங்க எனக்கு ஹலாலாக்கிக் குடுங்கண்ணே.”