துணைக்கு வந்தவள்

"சும்மா உக்காந்துகினு இருந்தா போன பணம் வந்துடுமா? அந்த பிட்காயின் கம்பெனி மேல புகார் குடுங்க. துணைக்கு நான் வரேன்" என்றாள் சத்யப்பிரியா. வேணு, வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு மனைவியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

ஏட்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்களை அதுல சேர்த்துவிட்டது யாரு?"

"கூட வேலை பாக்குறவர் சார்."

"நீங்க யாரையாவது சேர்த்துவிட்டீங்களா?"

"யாரையும் இல்லீங்க."

ஏட்டு சத்யப்பிரியாவின் பக்கம் திரும்பினார். "நெலத்துக்கு வந்த காசை மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு இதே கம்பெனில போட்டுட்டேன்னு உங்க அப்பா நேத்து உங்களோட வந்து எழுதிக் குடுத்தாரே, அந்த மாப்பிள்ளை இவருதானாம்மா?"

"இவருதான் சார். நீங்க தேடிக்கினு வந்து, ஜீப்பு குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னா பிளாக்கே வேடிக்கை பாக்கும். அதான் நானே கூட்டியாந்துட்டேன்."