எந்தப் பக்கம்?

கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று கல்லூரியில் பட்டிமன்றம். கூடாது என்று பேசிய ஜெனிபா, "நானும் ஒருநாள் கருவா இருந்தவதானே!" என்றதும் அரங்கமே விசிலடித்தது. பார்வையாளர்கள் பேசும் நேரம் வந்தபோது அவளுடைய அம்மா சந்தனமேரி மைக்கை வாங்கினாள்.

"இவ வயித்துல இருந்தப்ப கலைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புருசனைக் கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு இவளுக்காக உசுரையே குடுப்பேன். ஆனா அன்னிக்கு உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல."

"அப்ப நீங்க எந்தப் பக்கம்மா?" என்றார் நடுவர்.

ஜெனிபா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "இப்ப நான் கேக்குறேம்மா, சொல்லு."

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. சந்தனமேரி மைக்கை ஆஃப் செய்துவிட்டு மகளின் காதருகே குனிந்தாள்.