அடுத்த மூன்று பேர்

"வாந்தி உண்டா டெஸ்?" நர்ஸ் லீயான் தாளும் பேனாவுமாகக் கேட்டாள்.

"எனக்கா? காலையில நாலு முட்டையை வெளுத்துக் கட்டிட்டு வந்தேம்மா."

பண்டபர்க்கிலிருந்து பிரிஸ்பேன் வருவதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்திக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது பற்றி டெஸ் மூச்சு விடவில்லை. தோல் புற்றுநோய் ஈரல் வரை பரவிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்தச் சோதனை மருந்தையும் நிறுத்திவிட்டால் வேறு கதியில்லை.

"கை மரத்துப் போகுதா?"

"கரும்பு வெட்டுன கைம்மா இது!" மரத்த விரல்களை மடியிலிருந்த தொப்பிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

லீயான் முகம் மலர்ந்தது. "இந்த அளவு மருந்தை மத்த ரெண்டு பேரும் தாங்கிட்டாங்க, நீங்களும் தாங்கிட்டீங்க. அப்ப அடுத்த மூணு பேருக்கு மருந்தை ரெண்டு மடங்கா ஏத்திடலாம். முதல் ஆள் வெளியே காத்திருக்கார்."

டெஸ் கதவைத் திறந்தார். அதே நோயை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்த தம்பி ரஸ்ஸல் நின்றிருந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"மருந்து உடம்பை ஒண்ணுமே பண்ணலடான்னு போன்ல நீ சொன்னியே, அந்தத் தைரியத்துலதான் நானும் இதுல சேரக் கையெழுத்துப் போட்டேன்."

டெஸ் திரும்பினார்.

"லீயான், அந்தத் தாளை எடும்மா. முதல் கேள்வியிலேருந்து திரும்பக் கேளு."