ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

இரண்டாவது கேனையும் கொளஞ்சியப்பன் மணலில் கவிழ்த்ததை அரியமுத்து தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பியவர், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

அது சும்மா பிடித்து வந்த தண்ணீர் இல்லை. அரியலூர்ப் பக்கம் அவர் வீட்டு போர் தண்ணீர். பத்து லிட்டர் கேன் இரண்டு. அறுபத்தாறு வயதில் அதைத் தூக்கிக்கொண்டு, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, மீன்சுருட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கொள்ளிடக் கரைக்கு வருவார். எல்லாம் படகு எஞ்சினுக்காக.

ஆட்களை அக்கரைக்குக் கொண்டுவிடும் அந்தப் படகு அரியமுத்து பேரில் இருந்தது. ஓட்டியது தங்கை வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன். தங்கை ஜெயசித்ரா இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது. அவள் போன மறு மாதத்திலிருந்து அரியமுத்து தண்ணீர் கொண்டுவருகிறார்.

படகின் நடுவில் இருக்கும் டீசல் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டைத் தணிக்கப் பதினெட்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வாரம் ஒருமுறை பழையதை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் இருக்கும், தன் வீட்டுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும் என்பது அவர் கணக்கு.

சூட்டோடு வடித்தால் எஞ்சின் விரிசல் விட்டுவிடும். ஆற ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் இருவரும் கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டு மழை, நெல் விலை என்று ஏதாவது பேசுவார்கள். அப்புறம், தண்ணீர் மாற்றும் வேலையைக் கொளஞ்சியப்பனிடம் விட்டுவிட்டு அரியமுத்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அக்கரைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகும் ரத்தினம்மாள், அவரைக் கேனும் கையுமாகப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"கொள்ளிடத்துக்கே தண்ணி கொண்டாராரு பாரு. இவரு ஒரு வாரம் வரலன்னா ஆறு வத்திடும்."

இப்போது அந்தக் கேன்கள் காலியாகக் கிடந்தன. கொளஞ்சியப்பன் குடத்துக்குத் துணி கட்டி, இடுப்பளவு ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள கொட்டுனீங்க?"

கொளஞ்சியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். "கை தவறிடுச்சு மச்சான்."

"ரெண்டு கேனுமா?"

கடைசி நடைக்குக் காத்திருந்த ஏழு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ரத்தினம்மாள்கூடக் குனிந்து கத்தரிக்காய்க் கூடையைச் சரிசெய்தாள்.

அரியமுத்து அதிகம் பேசுகிறவர் இல்லை. கோபம் வந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை மட்டும் கேட்டார். கொளஞ்சியப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார். மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு வேப்பந்தட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

புதிதாகப் போட்ட ஆள் சுரேஷ்குமார், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். அரியமுத்து கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. எஞ்சின் ஆறுகிற ஒரு மணி நேரத்தை அரியமுத்து டீக்கடை பெஞ்சில் தனியாகக் கழித்தார்.

பதினோராவது மாதம், நடு ஆற்றில் எஞ்சின் புகைந்து இறுகிப்போனது. படகில் இருபத்திரண்டு பேர். மூங்கில் கழியால் தள்ளிக் கரை சேர்ந்தார்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக் கலைவாணன் வந்து எஞ்சினைப் பிரித்தார். உள்ளே வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

"தண்ணி போற வழியெல்லாம் சுண்ணாம்பு அடைச்சுக் கெடக்கு. எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

அரியமுத்து சொன்னார்.

"உங்க ஊர்ல பூமிக்கடியில பூரா சுண்ணாம்புக் கல்லுங்க. அந்தத் தண்ணி கண்ணுக்குத்தான் சுத்தம். இது ஆவாது, ஆத்துத் தண்ணியையே வடிகட்டி ஊத்துன்னு கொளஞ்சியப்பன்கிட்ட ஆரம்பத்துலயே சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

அரியமுத்து மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாலு வருஷம் என்றால் இருநூற்றெட்டு ஞாயிறு. காய்ச்சல், பஸ் ஓடாத நாள் என்று பதினேழைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்றொன்று. முந்நூற்று எண்பத்திரண்டு கேன். அத்தனையையும் அவர் தலை மறைந்த பிறகு கொட்டிவிட்டு, மாப்பிள்ளை ஆற்றில் இறங்கி மொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறினார்.

கொளஞ்சியப்பன் ஒரு மக்காச்சோளக் களத்தில் வெயிலில் நின்று சோளத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். மச்சானைக் கண்டதும் ஒரு சாக்கை உதறி நிழலில் போட்டார்.

அரியமுத்து சாக்கில் உட்கார்ந்தார்.

"எஞ்சின் போயிடுச்சு மாப்ள. என் தண்ணியாலதான்."

"அதுக்கும் வயசாவுமில்ல மச்சான். விடுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இந்தத் தண்ணி ஆவாது, இனிமே கொண்டு வராதீங்கன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

கொளஞ்சியப்பன் பலகையால் சோளத்தை இழுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"கேட்டிருப்பீங்க மச்சான். அவளும் போயிட்டா. தண்ணியும் வேணாம்னு நான் சொல்லிட்டா, அப்பறம் எதுக்காக நீங்க என் வூட்டுக்கு வரப்போறீங்க?"