முன்னூற்றுப் பன்னிரண்டாம் வில்லை

தகரப் பெட்டியின் சாவியை மருமகள் சொர்ணவல்லி கேட்டதும் சேவுகப்பெருமாளின் கை இடுப்பைத் தடவியது.

ஆயுத பூஜைக் காலை. வீட்டில் இரும்பென்று இருந்ததெல்லாம் பொட்டு வாங்க வரிசைக்கு வந்துவிட்டது. அரிவாள்மனை, கத்தரிக்கோல், மகன் சிவராஜின் பைக் சாவி. ஆலையில் அவர் வைத்திருந்த ஸ்பேனர்தான் பாக்கி, அது பெட்டியில் கிடந்தது.

வருஷா வருஷம் அவரே குனிந்து எடுத்துத் தருவார். போன மாதம் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சாவியக் குடுங்க மாமா, நான் எடுத்துக்கிறேன்."

எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் கிடந்தது.

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, சரி என்று சொல்லிவிட்டு, வீட்டை ஒட்டியிருந்த தங்கள் மாவு மில்லுக்குப் போய்விட்டாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கனம் பெட்டியில் இருந்தது. ஸ்பேனருக்கு அடியில், பழைய துணியில் சுற்றிய ஒரு பித்தளை வில்லை. அதில் 312 என்று எண் குத்தியிருக்கும்.

அது செம்மலையின் வில்லை. செம்மலை சொர்ணவல்லியின் அப்பா.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வெளியூரில் ஒரு பீங்கான் ஆலையில் வேலை பார்த்தார்கள். மூவாயிரம் பேர் வேலை செய்த இடம். கல்லை மாவாக்கும் உருளை ஒவ்வொன்றும் லாரி உயரம் இருக்கும்.

உருளைக்குள் இறங்கி ஒட்டிய மாவைச் சுரண்டப் போகிறவன் தன் எண் குத்திய வில்லையைச் சுவிட்சுக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான். வில்லை தொங்கினால் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. மாட்டியவனே வந்துதான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அதுதான் சட்டம்.

அன்றைக்கும் ஆயுத பூஜைதான். செம்மலை உள்ளே கடைசிச் சுரண்டலில் இருந்தான். சுவிட்சுக்குப் பொறுப்பு சேவுகப்பெருமாள்.

சுவிட்சுப் பலகையைத் துடைத்துச் சந்தனப் பட்டை இழுத்தார். வில்லை இடைஞ்சலாகத் தொங்கியது. ஒரு நிமிஷ வேலைதானே என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் பூசணிக்காய் எங்கே என்று யாரோ சத்தம் போட்டார்கள். தேடி ஓடினார். திரும்பி வந்தபோது ராகு காலத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேனேஜர் அவசர அவசரமாகச் சூடம் காட்டிவிட்டு, போடப்பா என்றார்.

சேவுகப்பெருமாள் பழக்கத்தில் ஆணியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. போட்டுவிட்டார்.

விசாரணையில், ஆணியில் வில்லை இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கேட்டவர்களுக்கு அது போதும். செத்தவன் கவனக்குறைவான தொழிலாளி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் செம்மலையின் பெண்டாட்டியிடமே, வில்லையை மாட்டிவிட்டு இறங்கியிருக்கக் கூடாதா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த விசாரணைக் காகிதத்தை அவள் சாகிற வரைக்கும் ஒரு மஞ்சப்பையில் மடித்து வைத்திருந்தாள். 312ஆம் எண் வில்லை மாட்டப்படவில்லை என்று அதில் இருக்கும். கல்யாணமாகி வந்தபோது சொர்ணவல்லி அந்தப் பையையும் கூடவே கொண்டுவந்தாள்.

குண்டுமணி தங்கம் கேட்காமல் அவளை மருமகளாக்கிக்கொண்டதற்கு நெற்குப்பை ஊர்ச் சொந்தபந்தமெல்லாம் அவரைத் தர்மவான் என்றது. கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

வில்லையை ஊருணியில் எறிந்துவிட எத்தனையோ தடவை போயிருக்கிறார். எறிந்தால் செம்மலையை மறுபடி கொன்றது போலாகிவிடும் என்று பயம். வைத்திருந்தால் இவள் கண்ணில் பட்டுவிடும் என்று பயம். காய்ச்சலில் கிடந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறவள் இவள்தான். இவள் முகம் திருப்பிக்கொண்டால் அப்புறம் இருந்து என்ன?

சிவராஜ் வந்து கூப்பிட்டான். நல்ல நேரம் முடியப் போகிறதாம். பூஜை முடிந்ததும் பெரியவர் கையால்தான் மில்லைப் போட வேண்டும்.

எழுந்ததும் பெட்டியின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பூட்டியது பூட்டியபடியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பெட்டியின் பின்பக்கம் கீல் துருப்பிடித்து ஆடுவதை மாற்ற வேண்டும் என்று நாலைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் இப்போது ஞாபகம் வந்தது.

மில்லில் மாவுத் தூசி ஒரு பொட்டு இல்லை. மெஷினுக்கு மாலை, மோட்டாருக்குச் சந்தனம். சிவராஜ் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். தட்டில் சூடம் எரிந்தது.

சேவுகப்பெருமாள் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

சுவிட்சுக்கு மேலே புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது.

அதில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எண் நன்றாகவே தெரிந்தது.

நீட்டிய கையைக் கீழே இறக்கினார். பின்பக்கக் கீலை நெம்பிப் பெட்டியை முன்பே திறந்துவிட்டவள்தான் காலையில் வந்து சாவி கேட்டிருக்கிறாள்.

சொர்ணவல்லி பக்கத்தில் வந்து நின்றாள். வாசலில் நிற்கிற புருஷனுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"அதக் கழட்டிட்டுப் போடுங்க மாமா. முன்னாடியும் நீங்கதானே கழட்டுனீக."