ஓடையோரத்து மண்

மூடுபனி விலகாத ஹேவாஹெட்ட கோப்பித் தோட்டத்து மலைச்சரிவில், நாற்றுக்கு விதை போடுவதற்கு முன், சாக்கில் கொட்டிய மண்ணைப் பேச்சியம்மா நனைத்துக்கொண்டிருக்கிறாள். மக்கிய இலையும் மணலும் கலந்த கறுத்த மண். சிரட்டையில் நீர் மொண்டு விரலிடுக்கில் வழியவிட்டுத் தெளிக்கிறாள், பிசறுகிறாள், ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறாள். பிடித்த பிடி நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும். அதுதான் பதம். உதிர்கிறது. உள்ளங்கையில் குழந்தையின் கருவளையல் ஒன்று மிஞ்சுகிறது. மெலிந்த கையிலிருந்து கழன்றுவிடாமல் இருக்க, நோய் கண்ட அன்று அவளே நூல் சுற்றி இறுக்கிய வளையல்.

"இந்த மண்ண எங்க அள்ளுனாங்க ஐயா?"

"ஓடையோரந்தான்," என்கிறார் கங்காணி வீரணன். "அங்க வெட்டாமலே பொலபொலன்னு கெடந்துச்சாம்."

கிடக்காதா பின்னே? வாந்திபேதியில் போன அவள் கைக்குழந்தையைப் போன வாரம் அங்கேதான் புதைத்தார்கள். மறுநாள் குழியில் பால் தெளிக்கப் போகிறேன் என்றவளை மலைக்கு வேலைக்கு விரட்டியதும் இதே வீரணன்தான். வளையலை மண்ணுக்குள்ளேயே வைத்து மூடுகிறாள். சிரட்டையில் மிச்சமிருந்த நீரைக் கீழே கொட்டுகிறாள். கங்காணிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து, மார்புச் சேலைக்குள் சிரட்டையைக் கொண்டுபோகிறாள்.

"போதும் பேச்சி, ஈரம் கூடுனா வெத அழுகிரும்!"

அவள் தெளிக்கிறாள். வெள்ளையாய் விழுவதையெல்லாம் அந்தக் கறுத்த மண் சத்தமில்லாமல் குடிக்கிறது.